முட்டி வலிப் பொடியும் ஸ்டீராய்ட் மாத்திரையும்



சர்க்கரை நோயைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது, சில மருந்துகளும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும், ஸ்டீராய்ட் அவற்றில் ஒன்று என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிதான் பல பேர் கண்ணில் பட்டிருக்கிறது. "நான் இழுப்புக்கு உறிஞ்சுற மருந்தும் ஸ்டீராய்டுதானாமே, விட்டுடட்டுமா டிரசர் ஐயா?" என்று செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் கேட்டார். "பிள்ளைக்குக் கிட்னி வீக்கத்துக்குக் கொடுக்கிறாங்க, நிறுத்தலாமா?" என்று ஒரு தாய் கேட்டார். இன்னொருவர் தன் மகன் ஜிம்மில் உடம்பை ஏற்றுவதற்குப் போட்டுக்கொள்ளும் ஊசியும் இதுதானா என்று இரகசியமாக விசாரித்தார்.

முதல் இருவருக்கும் என் பதில் ஒன்றே: நிறுத்தாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். மூன்றாமவருக்கு: அது வேறு சாமான். தசையை ஏற்றும் ஸ்டீராய்ட் ஆண் சுரப்பு நீரைச் சேர்ந்தது. பெயரில் ஒற்றுமை இருப்பதால் வேலையில் ஒற்றுமை இல்லை. மகனை அதை விடச் சொல்லுங்கள், அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். இங்கே நாம் பேசப்போவது டாக்டர்கள் நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டை மட்டும்.

இது எங்கிருந்தோ வந்த விஷமல்ல. நம் உடம்பே தினமும் செய்கிற ஒரு சரக்கு. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி கவிழ்த்தாற்போல ஆளுக்கொரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரினல் என்று அதற்குப் பெயர். அது கார்ட்டிசோல் என்னும் நீரைச் சுரக்கிறது. விடியற்காலையில் இந்த நீர் அதிகம் சுரக்கும், நடுநிசியில் மிகக் குறைவு. பெரட்டுக்கு எழுந்து போகும் நேரத்தில் உடம்பை எழுப்பிவிடுவது இதன் வேலைகளில் ஒன்று. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் போகாமல் பார்ப்பது, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, காய்ச்சல், காயம், பிரசவம், ஆபரேஷன் போன்ற நெருக்கடிகளில் உடம்பை நிலைகுலையாமல் காப்பது எல்லாம் இதைச் சேர்ந்தவை. இந்தச் சுரப்பி கெட்டுப் போனால் மனிதன் மெலிந்து, கருத்து, எழுந்து நிற்க முடியாமல் செத்துப் போவான் என்று 1855-ல் இங்கிலாந்து டாக்டர் தாமஸ் அடிசன் எழுதி வைத்தார். மாறாக அது அளவுக்கு மீறிச் சுரந்தால் முகம் பௌர்ணமி நிலவு போல் உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலியும் என்பதை 1932-ல் அமெரிக்காவின் ஹார்வி குஷிங் விளக்கினார். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே நான் சொல்லும் எல்லாமே எளிதாக விளங்கும்.

மருந்தாக இது வந்த கதை சுவையானது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் இருந்தார். மூட்டுவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தாலோ, பெண்கள் கர்ப்பமானாலோ மூட்டு வலி தானாகக் குறைவதை அவர் பல ஆண்டுகள் கவனித்து வந்தார். அப்படியானால் வலியைக் குறைக்கும் ஏதோ ஒன்று உடம்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற இரசாயன அறிஞர் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்து வைத்திருந்தார். 1948 செப்டம்பரில், மூட்டுவாதத்தால் முடங்கிப் போயிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு அதில் ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். உலகமே வாயைப் பிளந்தது. இரண்டே ஆண்டில், 1950-ல், ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு.

ஆரம்பத்தில் இந்த மருந்தை மாட்டுப் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் செய்தார்கள். பெரும் பணக்காரனுக்குக்கூட எட்டாத விலை. பிறகு மெக்சிகோ காட்டில் விளையும் ஒரு வகைக் கிழங்கிலிருந்து மூலப்பொருளை எடுக்கலாம் என்று தெரிந்தது. 1952-ல், ரொட்டியில் பூக்கிற பூஞ்சைக்கு உறவுக்காரப் பூஞ்சை ஒன்றை விட்டே கடினமான ஒரு படியைச் செய்து முடிக்க வழி கண்டார்கள். விலை மளமளவென்று இறங்கியது. 1955-ல் பிரெட்னிசோலோன், அடுத்த சில ஆண்டுகளில் டெக்ஸாமெத்தசோன் என்று வீரியம் கூடிய தம்பிமார் பிறந்தார்கள். இன்றைக்கு ஒரு மாத்திரை சில காசுதான். விலை மலிந்ததில் நன்மையும் உண்டு, வினையும் உண்டு. வினையைத்தான் பிறகு பார்க்கப் போகிறோம்.

வீரியம் என்றேன் அல்லவா, அதை ஒரு கணக்காகவே சொல்லிவிடுகிறேன். 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், முக்கால் மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மூன்றும் ஏறக்குறைய ஒரே பலம். உடம்பு ஒரு நாளில் தானாகச் சுரப்பது ஏறக்குறைய இந்த அளவு அல்லது இதற்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே "அரை மில்லிகிராம் சின்ன மாத்திரைதானே" என்று டெக்ஸாமெத்தசோனை நாலு நாலாக விழுங்குகிறவர், உடம்பு செய்வதைப் போல் இரண்டு மூன்று மடங்கை உள்ளே தள்ளுகிறார். மாத்திரையின் உருவத்தைப் பார்த்துப் பலத்தை எடை போடாதீர்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? வீக்கம் என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். முள் குத்தினாலும் கிருமி புகுந்தாலும் அந்த இடத்தில் உடம்பு கலவரப் படையைக் கூட்டுகிறது. இரத்தம் பாய்கிறது, வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன, அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கிறது. இது நன்மைக்குத்தான். ஆனால் சில நோய்களில் எதிரி இல்லாத இடத்தில் படை இறங்கிவிடும். மூச்சுக் குழாய்க்குள் இறங்கினால் ஆஸ்துமா. மூட்டுக்குள் இறங்கினால் மூட்டுவாதம். சிறுநீரகம், தோல், இரத்தக் குழாய் எல்லாவற்றிலும் இறங்கினால் லூப்பஸ்.

சாதாரண வலி மாத்திரை, இந்தப் படையின் ஓர் ஆயுதத்தை மட்டும் பிடுங்குகிறது. ஸ்டீராய்ட் அப்படியில்லை. அது நேரே ஆபீசுக்குள் நுழைந்து உத்தரவுப் புத்தகத்தையே மாற்றி எழுதுகிறது. நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இந்த நீருக்கென்று ஒரு ஏற்பி இருக்கிறது. ஸ்டீராய்ட் போய் அதில் உட்கார்ந்ததும், இரண்டும் சேர்ந்து உயிரணுவின் கருவுக்குள் போகின்றன. அங்கே மரபணுக்கள்தான் இன்ன இன்ன பொருளைச் செய் என்று உத்தரவு போடுகிறவை. வீக்கத்தை மூட்டும் பொருள்களுக்கான உத்தரவை ஸ்டீராய்ட் அடிக்கிறது, வீக்கத்தை அணைக்கும் பொருள்களுக்கான உத்தரவைக் கூட்டுகிறது. உத்தரவு மாறி, பழைய சரக்கு தீர்ந்து, புதுச் சரக்கு வருவதற்குச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் ஸ்டீராய்ட் ஊசி போட்டவுடனே ஆள் எழுந்து உட்காருவதில்லை.

இதைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குலை வெட்டும்போது குளவிக் கூடு கலைந்து பத்துப் பதினைந்து கொட்டு வாங்கி, முகம் வீங்கி, மூச்சு முட்டி, மயக்கம் வருகிற ஆளைக் காப்பாற்றுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். ஸ்டீராய்ட் பிறகுதான், அதுவும் துணைக்குத்தான். "ஒரு ஸ்டீராய்ட் மாத்திரை கொடுத்துப் படுக்க வெச்சோம்" என்று ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கி வராதீர்கள். கொட்டு வாங்கி மூச்சு முட்டுகிறது என்றால் உடனே லோரியோ காரோ எது இருக்கிறதோ அதில் ஏற்றுங்கள்.

ஸ்டீராய்ட் உயிர் காக்கும் இடங்கள் பல. ஆஸ்துமாவை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் மக்களில் இது அதிகம், புகைமூட்டக் காலத்தில் கேட்கவே வேண்டாம். நீல நிற உறிஞ்சு மருந்தை எல்லாருக்கும் பிடிக்கும். இழுத்த சில நிமிடத்தில் மூச்சு விடும். ஆனால் அது இறுகிய குழாயைத் தளர்த்துகிறதே தவிர உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடுவதில்லை. ஸ்டீராய்ட் கலந்த தடுப்பு உறிஞ்சு மருந்துதான் வீக்கத்தை ஆற்றுகிறது. இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது, அதனால் நம் ஆட்கள் "இது வேலைக்கு ஆகாது" என்று அலமாரியில் வைத்துவிட்டு நீலத்தையே நம்பி வாழ்கிறார்கள். நீல மருந்தை மட்டும் நம்பியிருப்பவர்களுக்குத்தான் திடீர் இழுப்பும் சாவும் அதிகம் என்பதால், உலக ஆஸ்துமா வழிகாட்டி நூல் 2019 முதல் பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறது.

"உறிஞ்சுற மருந்து பழக்கமாயிடும்" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. கணக்கைப் பாருங்கள். தடுப்பு மருந்தில் ஒரு நாளைக்குப் போகும் குறைந்த அளவு 200 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். ஒரே ஒரு 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரை என்பது 5,000 மைக்ரோகிராம். அதாவது இருபத்தைந்து மடங்கு. எடையில் இருபத்தைந்து மடங்கென்றால் பலத்திலும் அப்படியே என்று அர்த்தமில்லை. ஆனாலும் உறிஞ்சும் மருந்தில் பெரும் பகுதி வேலை செய்வது நுரையீரலிலேயே. வாயில் தங்குவதைத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும், குரல் கம்மும். முன்பு சொன்ன குலை வெட்டும் தம்பிக்கு இதுதான் பதில்: விடவேண்டாம், கொப்பளிக்க மறக்கவேண்டாம். கடுமையான இழுப்பு வந்தால் டாக்டர் ஐந்து முதல் ஏழு நாள் மாத்திரை கொடுப்பார். இரண்டாம் நாளே மூச்சு சீராகி விட்டது என்று மிச்சத்தைப் பத்திரப்படுத்தாதீர்கள். முழுவதையும் சாப்பிடுங்கள். அந்தக் குறுகிய நாளுக்குப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியமும் பொதுவாக இல்லை.

சிறு பிள்ளைகளுக்கு முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகும் சிறுநீரக நோய்க்கு இன்றும் முதல் மருந்து பிரெட்னிசோலோன்தான். பெரும்பாலான பிள்ளைகள் சில வாரத்தில் தேறுகிறார்கள். பசி எடுக்கும், கன்னம் உப்பும், பிள்ளை அடம் பிடிக்கும். மாத்திரை முடிந்தபின் அது வடியும். அந்தத் தாய் பயந்து பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், கூடவே இன்னோர் ஆபத்தும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

தொழுநோய்க்கு வருவோம். 1930-ல் தொடங்கிய சுங்கை பூலோ குடியிருப்பை அறியாத பழைய தோட்டக் குடும்பம் குறைவு. அந்த நோய் இன்று மாத்திரையால் முழுக்கக் குணமாகிறது. ஆனால் கிருமி சாகும்போது உடம்பு அதோடு போரிட்டு நரம்பு வீங்கிவிடும். சில நாளில் விரல் மடங்கிப் போகலாம், பாதம் தொங்கிப் போகலாம். பல வாரங்கள் கொடுக்கும் ஸ்டீராய்ட்தான் அந்தக் கையைக் காப்பாற்றுகிறது. மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலும் இது உயிர் காக்கிறது.

குறை மாதத்தில் வலி கண்ட தாய்க்கு ஆஸ்பத்திரியில் இந்த ஊசியைப் போடுவார்கள். அது குழந்தைக்காக. நுரையீரல் முற்றாத குழந்தை மூச்சு விட இது உதவும் என்று நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹாவி இருவரும் 1972-ல் காட்டினார்கள். எங்கள் மருத்துவமனைக்கு வரும் இளம் பெண்கள் "வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுங்களே" என்று மறுக்கிறார்கள். மறுக்காதீர்கள். குறை மாதக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய சீதனம் கிடையாது.

கொரோனா காலத்தில் இதன் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது. 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரிக்கவரி ஆய்வு, நாளைக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், மூச்சுக் கருவியில் இருந்தவர்களின் சாவில் மூன்றில் ஒரு பங்கையும், ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்களின் சாவில் ஐந்தில் ஒரு பங்கையும் குறைத்தது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. அதே மருந்து, அதே கிருமி, ஆள் இருக்கும் நிலைக்கேற்பப் பலன் மாறுகிறது. டெங்கிக் காய்ச்சலுக்கோ ஸ்டீராய்ட் எந்த நிலையிலும் பயன் தந்ததாக நிரூபணமாகவில்லை. "அன்னைக்கு அவருக்குக் கொடுத்தாங்களே, எனக்கும் கொடுங்க" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது கசப்பான பக்கத்துக்கு வருவோம்.

அட்ரினல் சுரப்பி தானாக வேலை செய்வதில்லை. மூளைக்கு அடியில் பயறு அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதற்கு மண்டோர். இரத்தத்தில் கார்ட்டிசோல் குறைந்தால் "சுரந்து விடு" என்று உத்தரவு அனுப்பும், நிறைந்திருந்தால் சும்மா இருக்கும். வெளியிலிருந்து தினமும் மாத்திரை வந்து இறங்கினால் என்ன ஆகும்? காண்ட்ராக்ட் ஆட்கள் வந்து வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மண்டோர் நம் ஆளைப் பெரட்டுக்குக் கூப்பிட மாட்டார். கத்தி துருப்பிடிக்கும், கை மறக்கும். (இதை நம் சங்கத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை!) மூன்று நாலு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்ட் சாப்பிட்டவர் உடம்பில் நடப்பது இதுதான். அட்ரினல் சுரப்பி உண்மையிலேயே சுருங்கிப் போகிறது. ஒரு நாள் காலையில் காண்ட்ராக்ட் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் தோட்டத்தில் வேலை செய்ய ஆளே இல்லை. படிப்படியாகக் குறைத்தால் மண்டோரும் ஆளும் மெல்ல விழித்துக்கொள்வார்கள். முழுதாக விழிக்கச் சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓர் ஆண்டும் ஆகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பால்மரம் சீவி ஓய்வு பெற்ற ஓர் அம்மாவை மகள் மோட்டாரில் வைத்துத் தாங்கிக் கொண்டுவந்தார். மூன்று நாளாக வாந்தி, வயிற்று வலி, எழுந்தால் கண் இருட்டுகிறது. பிரஷர் பார்த்தேன், மேல் எண் 80-தான் இருந்தது. காய்ச்சல் லேசாக. ஆனால் ஆளைப் பார்த்தால் நோயாளி முகமாகத் தெரியவில்லை, கன்னம் நன்றாக உருண்டு சிவந்திருந்தது. கைகால் மட்டும் குச்சி. முழங்கையில் கன்றிப்போன திட்டுகள். "அம்மா என்ன மருந்து சாப்பிடுறாங்க?" என்றேன். "மருந்து ஒண்ணும் இல்லீங்க, கிளினிக்கில கொடுத்த பிரஷர் மாத்திரை மட்டும்தான்." சற்று நேரம் பேசிய பிறகுதான் வெளியே வந்தது: பசார் மாலாமில் வாங்கிய முட்டி வலிப் பொடி. இரண்டு வருஷமாக, தினம் ஒரு பொட்டலம். மூலிகை என்று வாங்கியது. விற்றவன் இரண்டு வாரமாகச் சந்தைக்கு வரவில்லை. வெற்றுப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லி, சலைன் ஏற்றி, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே டாக்டர் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார். மறுநாள் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார் என்று மகள் சொன்னார். இரத்தத்தில் கார்ட்டிசோல் அநேகமாக இல்லை என்றது பரிசோதனை. சர்க்கரையும் புதிதாக ஏறியிருந்தது.

பொட்டலத்தில் வேர், இலை, கொடி என்று படம் போட்டிருந்தது. அந்தப் பொட்டலத்தைப் பரிசோதித்தார்களா என்பது எனக்குத் தெரியவராது. ஆனால் என்.பி.ஆர்.ஏ. என்னும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், முட்டி வலிக்கும் மூட்டு வலிக்கும் விற்கும் பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோனும் பிரெட்னிசோலோனும் கலந்திருந்ததைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரிக்கை விட்டிருக்கிறது. நல்ல மூலிகை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இருபது வருஷ முட்டி வலியை இரண்டே நாளில் நிறுத்தி, நல்ல பசி கொடுத்து, உடம்பில் தெம்பு ஏற்றும் வேர் எதையும் நான் இதுவரை கண்டதில்லை. அவ்வளவு வேகமாக வலி போனால் மகிழ்ச்சி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

நம் நாட்டில் பதிவான மருந்து எதுவானாலும் மேலுறையில் எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்தோடு ஓர் எண் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தானால் எண்ணின் முடிவில் டி என்ற எழுத்து வரும். பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ.யின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் அது உண்மையில் எந்த மருந்தின் எண் என்று தெரிந்துவிடும். கள்ள எண் அச்சடிப்பவர்களும் உண்டு, ஆகவே பார்த்தே தீர வேண்டும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் கைப்பேசியில் ஒரு நிமிட வேலை. ஸ்டீராய்ட் மாத்திரையோ 1952-ஆம் ஆண்டு விஷப்பொருள் சட்டப்படி டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விற்க வேண்டிய சரக்கு. அதை மூலிகைப் பொடிக்குள் ஒளித்து விற்பவன் உங்கள் வலியைக் காசாக்குகிறான்.

இப்படி ஒரு பொடியைப் பல மாதமாகச் சாப்பிட்டு வருகிறவர் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே குப்பையில் வீச வேண்டாம். வீசினால் அந்த அம்மாவின் கதிதான். பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அவர்கள் உங்களைத் திட்டினாலும் பரவாயில்லை, சரியான மாத்திரையைச் சரியான அளவில் கொடுத்து மெல்ல மெல்ல இறக்குவார்கள்.

நாள்பட்டுச் சாப்பிட்டால் வரும் மற்ற கெடுதல்களையும் சொல்ல வேண்டும். தோல் மெலிந்து தொட்டால் கன்றும். தொடைத் தசை கரைந்து, குந்தி எழுவது சிரமமாகும். எலும்பு பொறுபொறுத்துப் போகும். நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோனை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர் எலும்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். இடுப்பு மூட்டின் பந்து இரத்த ஓட்டமின்றிச் செத்துப் போவதும் உண்டு. கண்ணில் புரை, கண்ணில் அழுத்தம், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் அல்லது அழுகை. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியும், மலம் தார் போலக் கறுத்தால் தாமதிக்காதீர்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பிரெட்னிசோலோனைக் காலையில் சாப்பிட்டால் சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏறும். காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாறாதீர்கள். மாலை நாலு, ஐந்து மணிக்கு ஒரு தடவை பாருங்கள்.

படையை அடக்குகிற மருந்து ஆகையால் உண்மையான எதிரி வரும்போதும் படை தூங்கும். பழைய காசநோய் நெஞ்சில் பதுங்கியிருந்தால் தலை தூக்கும். அம்மைக் கொப்புளம் சாதாரணமாகப் போகாமல் நுரையீரலுக்கு இறங்கலாம். தோட்ட மக்களுக்கு இன்னொன்று உண்டு, பலருக்குத் தெரியாதது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது பாதத்தைத் துளைத்து உள்ளே போகும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல் போன்ற சின்னப் புழு. மற்றக் குடற்புழுக்கள் சில காலத்தில் செத்துப் போகும். இது மட்டும் ஆளின் வயிற்றுக்குள்ளேயே குட்டி போட்டுத் திரும்பத் திரும்பப் பெருகி, ஒன்றும் தெரியாமல் பல பத்தாண்டுகள் குடியிருக்கும்.

எத்தனை காலம் என்று கேட்டால் நம் வரலாறே சாட்சி. சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தாத்தாமாரைப் பிடித்துக்கொண்டு போன கதை எல்லாருக்கும் தெரியும். அங்கே கூடவே வேலை செய்த பிரிட்டிஷ் போர்க் கைதிகள் ஊர் திரும்பி முப்பது ஆண்டுக்கு மேலான பிறகு லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர்களைச் சோதித்தபோது, அந்தக் காட்டில் காலைத் துளைத்த அதே புழு பலருடைய வயிற்றில் உயிரோடு இருந்தது. நம் ஆட்களை யாரும் அப்படி அழைத்துச் சோதிக்கவில்லை என்றே நினைக்கிறேன். இந்தப் புழு உள்ளவருக்கு ஸ்டீராய்ட் கொடுத்தால் காவல் விலகி, புழுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகி நுரையீரல், மூளை எங்கும் பரவி, குடல் கிருமியையும் இரத்தத்தில் சுமந்து போகும். பெரும்பாலும் உயிர் போகும். முன்கூட்டியே சோதித்து ஐவர்மெக்டின் என்ற மாத்திரை கொடுத்தால் தீர்ந்தது. ஆகவே நீண்ட நாள் ஸ்டீராய்ட் தொடங்கும் போது டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "ஐயா, நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், சின்ன வயசில செருப்பில்லாமதான் நடந்தேன்." பட்டணத்து டாக்டருக்கு அது தோன்றாமல் போகலாம்.

நாள்பட ஸ்டீராய்ட் சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள் காலையில் பசியாறிய பிறகு சாப்பிடுங்கள். காலையில் எடுத்தால் உடம்பின் இயற்கைத் தாளத்தோடு ஒத்துப் போகும், இரவில் எடுத்தால் தூக்கம் கெடும். காய்ச்சல் வந்தால் உடம்புக்குக் கூடுதல் கார்ட்டிசோல் தேவை, சுரப்பியோ தூங்குகிறது. அப்போது மாத்திரையை நிறுத்துவது தவறு. எவ்வளவு கூட்ட வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் ஊசிதான் வழி, நாளை பார்க்கலாம் என்பது கூடாது. பல் பிடுங்கப் போனாலும், ஆபரேஷன் என்றாலும் சொல்லுங்கள். "ஸ்டீராய்ட் சாப்பிடுகிறேன்" என்று ஒரு அட்டை ஐ.சி.யோடு பர்சில் இருக்கட்டும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் விரதத்தில் எல்லா மருந்தையும் ஒதுக்கி வைப்பதுண்டு. இதை ஒதுக்க முடியாது. முருகன் கோபிக்க மாட்டான். சந்தேகமிருந்தால் நேர்த்திக்கடனை எப்படிச் செலுத்துவது என்று கோயில் ஐயரிடமே கேளுங்கள், மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.

கடைசியாகக் களிம்பு. படையோ, படர்தாமரையோ, அரிப்போ எதுவானாலும் மருந்துக்கடையில் ஒரு டியூப் கேட்பது நம் வழக்கம். அதில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்ட் இருந்தால் அரிப்பு ஒரே நாளில் அடங்கும். கரப்பானுக்கு அது சரியான மருந்துதான். படர்தாமரை பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்ட் தடவினால் சிவப்பு மறையும், பூஞ்சையோ நிம்மதியாக இடுப்பு முழுதும் பரவும், ஓரமும் வட்டமும் இல்லாத புது உருவம் எடுத்து டாக்டரையே ஏமாற்றும். ஒரு வாரம் தடவி நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக வந்தால் அது அநேகமாக இந்த வகை. முகத்தை வெளுக்க வைக்கும் இரவுச் சந்தைக் கிரீம்களிலும் ஸ்டீராய்ட், பாதரசம், ஹைட்ரோகுவினோன் கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். முதல் மாதம் பளபளப்பு, பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும், வெயிலில் போனால் நெருப்பாக எரியும். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

டாக்டர் கொடுத்த ஸ்டீராய்ட் களிம்பை எவ்வளவு தடவுவது என்று யாரும் கேட்பதில்லை. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். பெரியவர் கையின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். முகத்துக்கும் அக்குள், தொடை இடுக்குக்கும் தோல் மெல்லியது, அங்கே டாக்டர் சொல்லாமல் வீரியமான களிம்பு வேண்டாம். பிள்ளையின் பம்பர்ஸ் போடும் இடத்தில் தடவி மேலே இறுக்கி மூடினால் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். சாப்பிட்ட மாத்திரைக்கும் அதற்கும் பிறகு பெரிய வித்தியாசம் இருக்காது.